மேல்மண் பங்கு

வெண்டல் ஓட்டி வந்த வண்டி வாசலில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததை மார்விஸ் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வெண்ணெய் தடவிய கத்தி. வண்டியா அது? படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த ஒரு முழு வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். போன வருஷம் வரைக்கும் துருப்பிடித்த ஒரு பியூக் காரில் அரிசோனாவிலிருந்து வந்துகொண்டிருந்தவன். ஓட்டல் செலவு எதற்கு என்று வழியில் அதிலேயே காலை மடக்கித் தூங்குகிறவன். "யப்பா, அண்ணனுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று வாய்விட்டே சொன்னாள். மாதாமாதம் எண்ணெய்க் கிணற்றுப் பங்கு வருகிறவன், இந்த வயதில் ஒரு வண்டி வாங்கிவிட்டால் குடியா முழுகிப்போகும்? பிள்ளையா குட்டியா அவனுக்கு? அனுபவிக்கட்டும். வந்த காரியம் இன்றைக்கு நல்லபடியாக முடிந்தால் போதும்.

காரியம் என்னவென்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் ஆர்லினுக்குத் தெரியாது. தெரிந்தால் அதையும் ஒரு வழி பண்ணிவிடுவார் என்று அவள் மூச்சுவிடவில்லை.

வட டகோட்டாவின் இந்த மேற்கு மூலையில் நிலம் என்றால் ஒன்று இல்லை, இரண்டு. உழுது கோதுமை போடுகிற மேல்மண் ஒருவருக்கு இருக்கும். அதற்குக் கீழே இருக்கிற எண்ணெயும் வாயுவும், அடிமண் என்று சொல்வது, வேறொருவருக்கு இருக்கும். விற்கிறவர்கள் மேலே விற்றுவிட்டுக் கீழே வைத்துக்கொள்வார்கள். பங்கு பிரிக்கிறவர்களும் அப்படியே. அடிமண்காரன் கிணறு போடச் சொல்லிவிட்டால் மேல்மண்காரன் மறுக்க முடியாது. பயிர் அழிந்ததற்கு ஒரு நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு வேலிக்கு இந்தப்பக்கம் நிற்க வேண்டியதுதான். இது பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் மார்விஸ் தன் அப்பா செத்த வருஷம் வக்கீல் முன்னால் உட்கார்ந்து, மேல்மண் முழுவதும் எனக்கு, அடிமண் முழுவதும் அண்ணனுக்கு என்று கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டாள் என்றால், ஆர்லின் சொன்னார் என்று போட்டாள்.

ஆர்லினும் சும்மா சொல்லவில்லை. எண்பதுகளில் எண்ணெய் அலை அடித்தபோது கிணறு துளைக்கிற ரிக்கில் வேலை பார்த்தவர் அவர். "இன்னும் நாப்பது வருஷத்துக்கு வேலை இருக்கு, வீடு வாங்குங்க, பிள்ளை குட்டி பெத்துக்குங்க" என்று கம்பெனிக்காரன் மேடை போட்டுச் சொன்னதை நம்பி வீடு வாங்கினவர். விலை சரிந்ததும் பாதி துளைத்த கிணற்றை அப்படியே போட்டுவிட்டு அதே கம்பெனிக்காரன் போய்விட்டான். வீடும் போனது. கைக்குழந்தை ஜோலீனைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வந்து, இருபது வருஷம் அவர் டிராக்டரை ஓட்டினார் ஆர்லின். வீடு போன அன்றைக்கே அவருக்குள் ஏதோ திருகிக்கொண்டது. எண்ணெயைப் பற்றி எவன் எந்தக் கணக்கைச் சொன்னாலும் அது பொய். நாடு சொன்னாலும் பொய், கம்பெனி சொன்னாலும் பொய். குளிர்காலம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தார். வளைகுடா நாடுகள், இருப்பு எவ்வளவோ அதற்கேற்ற அளவுதான் எண்ணெய் எடுத்து விற்கலாம் என்று பேச்சு வந்ததும், புதிதாக ஒரு கிணறுகூடக் கண்டுபிடிக்காமல், தங்கள் இருப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏற்றிச் சொன்ன கதையை யார் கிடைத்தாலும் உட்கார வைத்துச் சொல்வார். உலகத்தில் எண்ணெய் எடுப்பு உச்சத்தைத் தாண்டியாகிவிட்டது, இனி இறக்கம்தான் என்பார். டீசல் தீர்ந்தால் உழ வேண்டுமே என்று ஒரு ஜோடி பெல்ஜிய உழவுக் குதிரைகளை வாங்கி வந்தார். காபிக் கடையில் அவரைக் கண்டதும் குதிரை மாதிரி கனைத்துக் காட்டாத ஆள் இல்லை. குதிரைகள் தின்று தின்று கொழுத்தன.

"அடியில ஒண்ணும் இல்ல மார்விஸ். உறிஞ்சி முடிச்சாச்சு. வெறும் ஓட்டையை உங்க அண்ணன் வச்சுக்கட்டும், நாம மண்ணை எடுத்துக்கலாம். நாளைக்கு உலகம் சோத்துக்குத்தான் அடிச்சுக்கும்" என்றார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றே வருஷம். பாறைக்குள் நேராக இறங்கி, பிறகு படுக்கைவாக்கில் மைல் கணக்கில் துளைத்து, தண்ணீரையும் மணலையும் அழுத்திப் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கக் கற்றுக்கொண்டான் கம்பெனிக்காரன். அவள் அப்பா கோதுமை போட்ட தென்வயலின் நடுவில் சரளை கொட்டி மேடை கட்டினார்கள். ராத்திரி பகலாக வாயு எரிந்தது. அடுப்பங்கரைக் கோப்பைகள் லாரிச் சத்தத்தில் ஆடாத நாள் இல்லை. பங்கு மட்டும் அரிசோனாவுக்குப் போனது. காபிக் கடையில் இப்போது யாரும் கனைக்கவில்லை. ஆர்லினைக் கண்டால் பாவம் என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். அது அவருக்குக் கனைப்பைவிட மோசமாக இருந்தது. கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆனால் வாயை நிறுத்தவில்லை. "எல்லாம் ரெண்டு வருஷக் கூத்து. இந்தக் கிணறெல்லாம் முதல் வருஷமே முக்கால்வாசி வத்திடும். பங்குச் சந்தையில காசு புடுங்க இவனுங்க போடுற கணக்கு இது" என்றார். கேட்க ஆள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் முடிந்து வந்ததும் வெண்டலுக்கே போன் போட்டார். அந்த ஒரு மணி நேரம் மார்விஸுக்கு வீட்டில் நிம்மதி. அண்ணன் பொறுமைசாலி, காது கொடுத்துக் கேட்கிறான் என்று அவள் மனசுக்குள் அவனுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

ஜோலீன் மைனாட் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். கட்டினவன் எண்ணெய் வயலில் சம்பாதிக்கிறேன் என்று போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். எண்ணெய் வந்ததும் ஊர் முழுக்க வாடகை மூன்று மடங்கு ஆனது. சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு டிரெய்லரில் பாதியை வாடகைக்கு எடுத்து இருக்கிறாள். குளிர்காலத்தில் குழாய் உறைந்துபோய் வேலை இடத்தில் குளித்துவிட்டு வருவாள். போன கோடையில் கல்லறையில் அப்பா அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது வெண்டல் மெதுவாகச் சொன்னான்: "மார்வி, அடிமண்ணுல பாதி நியாயமா உன்னுது. எனக்கு உறுத்துது. அடுத்த ஜூலை வரும்போது ஜோலீன் பேருக்கு மாத்தி எழுதிடறேன். தாய்மாமன் இதுகூடச் செய்யலன்னா எப்படி?" மார்விஸ் அன்றைக்குக் காரில் உட்கார்ந்து அழுதாள். ஜோலீனிடம் சொன்னாள், வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு வருஷம் இருந்துரு கண்ணு" என்றாள். தூரத்தில் துலூத் நகரத்தில் நல்ல வேலை ஒன்று கூப்பிட்டபோதுகூட ஜோலீன் போகாமல் இருந்தது இதை நம்பித்தான்.

இன்றைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

வெண்டல் உள்ளே வந்தான். வெயிலில் காய்ந்த சிவந்த கழுத்து, புதுச் சட்டை. மேஜையில் ஹாம் சாண்ட்விச், வெள்ளரி ஊறுகாய், உருளைக்கிழங்கு சாலட், ருபார்ப் தண்டு போட்ட கேக். இந்தப் பக்கத்து மனிதர்கள் வந்தவுடன் எதையும் பேசிவிட மாட்டார்கள். முதலில் மழை. பிறகு கோதுமை. அப்புறம் யார் யாருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள் என்பது. வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கேக்கை எடுப்பார்கள். அசல் விஷயம் எப்போது வரும் என்றால், வந்தவர் இரண்டு முழங்காலிலும் கையைத் தட்டி, "சரி, அப்ப..." என்று எழுந்து, கதவில் கை வைத்த பிறகுதான் வரும். சாவுச் செய்திகூட அப்படித்தான். ஆகவே மார்விஸ் அவசரப்படவில்லை. காபியை ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். அண்ணன் தன் முகத்தைப் பார்க்காமல் ஊறுகாயையே பார்க்கிறானே என்பது மட்டும் அவளுக்கு இடறிக்கொண்டிருந்தது.

பேச்சு முழுவதும் ஆர்லினுடையது. தென்வயல் மேடைக்கு ஒரு வாரமாகப் புது ரிக் ஒன்றைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஒவ்வொரு லாரி போகும்போதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"பாத்தியா மச்சான்? பழைய கிணறு வத்துது, அதான் புதுசு போடுறான். ஓடுற மெஷின்ல நிக்காம ஓடுற மாதிரி. நின்னா விழுந்துருவான்."

"ஆமா" என்றான் வெண்டல்.

"சவுதிக்காரன் ஏன் கணக்கை வெளியாளுக்குக் காட்ட மாட்டேங்கிறான்? இருந்தா காட்டுவான்ல?"

"ஆமாமா. அதான் பாயிண்டு."

"ஆமாம் போடாதே அண்ணா, அப்புறம் பொழுது போயிடும்" என்றாள் மார்விஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வெண்டல் முழங்காலில் தட்டினான். "சரி, அப்ப..." என்று எழுந்தான். மார்விஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் வலைக்கதவில் கை வைத்தான். வெளியே பார்த்தான்.

"அந்த அடிமண்ணை நான் வித்துட்டேன் மார்வி."

அவளுக்குப் புரியவில்லை. "எதை?"

"முழுசும். பிப்ரவரியிலயே. டென்வர்லேருந்து ரெண்டு பசங்க வந்தானுங்க. நல்ல பசங்க, டை எல்லாம் கட்டிக்கிட்டு. எங்க ஊரு மெசாவுல காலை டிபனுக்குக் கூட்டிட்டுப் போனானுங்க. மொத்தமா ஒரு தொகை குடுத்தானுங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணா."

"சொல்லணும்னுதான் இருந்தேன். போன்ல சொல்ற விஷயமா இது?" அவன் இன்னமும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் விளக்கமா சொன்னானுங்க. முதல் வருஷத்துலயே எப்படி இறங்கும், கம்பெனி சொல்ற இருப்பெல்லாம் ஷேர் வாங்கறவனை ஏமாத்தத்தான், இன்னும் ரெண்டு வருஷத்துல பங்கு ஒண்ணுமே வராதுன்னு. எனக்கு ஆச்சரியமா போச்சு. ஆர்லின் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொன்னதை அப்படியே சொல்றானுங்க, வார்த்தை மாறாம."

மார்விஸுக்குக் கம்பெனிக்காரன் சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. போன மாதம்தான் ஊர்மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய சாலைக்கு ஊர் சம்மதிக்க வேண்டும் என்று கம்பெனி ஆள் வந்திருந்தான். உங்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்துக்கும் இங்கே எண்ணெய் இருக்கிறது என்று திரையில் படம் போட்டுக் காட்டினான். இங்கே சாலை வேண்டும், அதனால் நூறு வருஷத்துக்கு இருக்கிறது. அங்கே கிழவனிடம் எழுதி வாங்க வேண்டும், அதனால் ரெண்டு வருஷத்தில் வற்றிவிடும். ஒரே வாய், அதற்கு ரெண்டு நாக்கு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எவனுக்குத் தெரியும்? எவனுக்கு என்ன வேண்டுமோ அவ்வளவு இருக்கிறது.

"வாங்க வந்தவனே வத்திப்போகும்னு சொன்னானா?" என்றாள். "பால் வத்திப்போற மாட்டை எவன் அண்ணா காசு குடுத்து வாங்குவான்? உனக்கு மூளை இல்ல? இதோ வீட்டு வாசல்ல புது ரிக்கு வந்து நிக்குதே, இது யாருக்கு? அந்த டை கட்டினவனுக்கா?"

"அப்படிச் சொல்லாத மார்வி. நான் அவனுங்களை மட்டும் நம்பல. எனக்கு எண்ணெயைப் பத்தி என்ன தெரியும்? பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன் நான். ஆர்லின் ரிக்குல வேலை பாத்தவன், இத்தனை வருஷமா படிக்கிறவன். சொந்த மச்சான் நமக்கு ஏன் பொய் சொல்லப் போறான்னு நினைச்சேன்." அவன் திரும்பி ஆர்லினைப் பார்த்தான். "நீ சொன்னதாலதான் வித்தேன் மச்சான். ஊரே சிரிச்சப்ப நான் சிரிக்கல, தெரியும்ல?"

மார்விஸ் புருஷனைப் பார்த்தாள். அவர் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் தலையில் கை வைத்திருப்பார், ஒரு வார்த்தையாவது 'ஐயோ' என்று வரும் என்று நினைத்துத்தான் பார்த்தாள்.

ஆர்லினின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர். "நிஜமாவா மச்சான்?" என்றார். "நான் சொன்னேன்னா?"

"சத்தியமா."

அவர் எழுந்தார். எத்தனையோ வருஷமாகக் கூன் போட்டு நடக்கிற மனுஷன் நிமிர்ந்து நின்றார். வெண்டலின் கையைப் பிடித்து மேஜைக்குத் திரும்ப இழுத்துவந்தார். "உட்காரு, உட்காரு. எங்க கிளம்பறே? மார்விஸ், அந்தக் கேக்கை வெட்டு." தட்டுகளை ஒதுக்கி, மேஜை விரிப்பில் முள்கரண்டியால் கோடு இழுக்க ஆரம்பித்தார். இங்கே உச்சம், இங்கே இறக்கம், இதோ இந்த இடத்தில் நீ விற்றாய், சரியான நேரம். கல்யாணமான புதிதில் ரிக்கிலிருந்து சேறும் எண்ணெயுமாக வந்து, இன்றைக்கு எத்தனை அடி இறங்கினோம் தெரியுமா என்று அவளிடம் சொல்கிற ஆர்லின் அது. அந்த முகத்தை அவள் முப்பது வருஷமாகப் பார்த்ததில்லை. அதற்காக அவள் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். இப்போது அதன் மேல் இரும்பு வாணலியைத் தூக்கி அடித்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவு வெறுப்பு வந்தது அவளுக்கு.

"அது ஜோலீனோடது" என்றாள்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"இந்த மாசம் அவ பேருக்கு எழுதித் தர்றேன்னு அப்பா கல்லறைக்குப் பக்கத்துல நின்னு சொன்னான். கேளுங்க அவனை. உங்க பொண்ணு ஒரு வருஷமா அதை நம்பித்தான் அந்த ஓட்டை டிரெய்லர்ல கிடக்கா."

வெண்டலின் கழுத்துச் சிவப்பு காது வரைக்கும் ஏறியது. "வண்டி வாங்கினது போக இன்னும் கொஞ்சம் இருக்கு மார்வி. அவளுக்கு ஒரு பழைய கார் வாங்கற அளவுக்கு..."

ஆர்லின் ஒரு கணம் முள்கரண்டியைப் பிடித்தபடி இருந்தார். அந்த ஒரு கணம், ஏதோ உள்ளே இறங்குகிறது என்று மார்விஸ் நம்பினாள். பிறகு அவர் தலையை ஆட்டினார், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

"என்ன ஜோலீனோடது? வெறும் ஓட்டை மார்விஸ். அந்த ஓட்டையை அவ தலையில கட்டறதுக்கா? வத்திப்போனப்புறம் அவதான் அழுவா. மச்சான் புத்திசாலித்தனமா பண்ணிருக்கான்."

"இன்னும் அதையேதான் சொல்றீங்களா? கண்ணைத் தொறந்து வெளியில பாருங்க!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டே வருஷம். எழுதி வச்சுக்க."

வற்றலாம். ஒருவேளை இந்த மனுஷன் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு இன்னொன்று புரிந்தது. கிணறுகள் வற்றவேண்டும், பங்கு நிற்கவேண்டும், ஊர் காலியாகவேண்டும், ஜோலீன் மாதிரி ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அன்றைக்குத்தான் இவர் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார். கம்பெனிக்காரனுக்கு அது வற்றாமல் இருப்பதில் லாபம். இவருக்கு வற்றுவதில் லாபம். அவள் மகளுக்காக அந்தக் கிணற்றைப் பார்த்தவர் ஒருத்தருமில்லை.

சுவரில் இருந்த போன் அடித்தது. மார்விஸ் நகர்வதற்குள் ஆர்லினே துள்ளி எழுந்து எடுத்தார். அவர் போனைத் தானாக எடுத்து எத்தனை காலம் ஆகிறது!

"ஜோலீனா? ஏய் குட்டி! உங்க மாமா வந்திருக்காருடி. இங்கதான் உட்கார்ந்திருக்காரு. தெரியுமா உனக்கு, உங்க மாமா என் பேச்சைக் கேட்டிருக்காரு! ஆமா, நான் சொன்னதுதான் சரின்னு..." பேச்சு முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வயிறு குலுங்கச் சிரித்தார். வெண்டலும் என்ன செய்வதென்று தெரியாமல் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தான்.

மார்விஸ் போய் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். சுருண்ட வயரை இழுத்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்தாள். களத்துக்கு அந்தப்பக்கம், தென்வயல் மேடையில், அதுவரை படுத்துக் கிடந்த ரிக்கின் கோபுரத்தைக் கம்பிவடங்கள் இழுத்துத் தூக்கிக்கொண்டிருந்தன. தானியக் களஞ்சியத்தின் கூரைக்கு மேலே அதன் தலை மெல்ல மெல்ல ஏறி வந்தது.

"அம்மா?" என்றாள் ஜோலீன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. மாமா எழுதிக் குடுத்துட்டாரா?"

கோபுரம் முழுவதும் நிமிர்ந்து நின்றுவிட்டது. யாரோ ஒருவன் அதன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தான்.

"அம்மா, இருக்கியா? சொல்லும்மா."